நிழற்படத்தைப் பதிப்பித்தவர்

ஓலைச்சுவடிகளைத் தேடி உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்த வரலாறு தமிழ் மாணவர் யாவரும் அறிந்ததே. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்வி ஒன்று, 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாகக் கனிந்தது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் ஐயர் செய்த பணி சுவடிகளைச் சேர்த்து அடுக்கி வைத்தது மட்டுமன்று. ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்த்தார், பாடபேதம் குறித்தார், எவருடைய சுவடி எங்கிருந்து கிடைத்தது என்று எழுதி வைத்தார். சுவடி வைத்திருந்தோர் நாட்டில் பலர் இருந்தனர். அவர்கள் அதைப் பூசித்தனர், பரணில் ஏற்றினர், சிலர் ஆடிப்பெருக்கில் ஆற்றிலும் விட்டனர். பதிப்பித்தவர் சிலரே. சேர்ப்பவர் வேறு, பதிப்பிப்பவர் வேறு என்னும் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் இப்ராகிம் அல்காசி என்பவர் நிழற்படத் துறையில் செய்த பணியை அளந்தறிய இயலும்.

அல்காசியைப் பெரும்பாலோர் நாடக இயக்குநர் என்றே அறிவர். அவர் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் புதுடில்லியில் மறைந்தபோது வெளிவந்த இரங்கலுரைகள் பெரும்பாலும் அவருடைய மேடைப் பணியையே போற்றின. பழைய நிழற்படங்களைத் திரட்டி, அவற்றை ஆய்வுரையுடன் நூல்களாக வெளியிட்ட பணி, ஒரு பெரிய மனிதர் முதுமையில் கைக்கொண்ட பொழுதுபோக்குப் போல ஓரிரு வரிகளில் சொல்லப்பட்டது. இக்கணிப்பு பிழையானது. மேடையில் அவர் கற்றதும் கற்பித்ததுமே அந்நூல்களில் வேறு உருவில் தொடர்ந்தன.

1925இல் புனேயில் பிறந்த அவர், வணிகத்தின் பொருட்டு இந்தியாவுக்கு வந்த அரபுக் குடும்பத்தவர். தந்தை சவூதி நாட்டினர், தாய் குவைத்தைச் சேர்ந்தவர். பிரிவினைக்குப் பின் குடும்பத்தார் பாகிஸ்தான் சென்றனர். அவர் இந்தியாவிலேயே தங்கினார். இலண்டனில் ‘ராடா’ எனப்படும் அரச நாடகக் கலைக்கழகத்தில் பயின்று பம்பாய் திரும்பி, நாடகக் குழு அமைத்தார். நாடகத்தோடு அதற்கென ஓர் இதழையும் நடத்தினார். நவீன ஓவியத்தை மக்களுக்கு அறிமுகப்படுத்தும் கண்காட்சிகளையும் அமைத்தார். அதாவது, நிகழ்த்துதலும் அச்சிடுதலும் காட்சிக்கு வைத்தலும் தொடக்கம் முதலே அவரிடம் மூன்று தொழில்களாக இருக்கவில்லை.

1962 முதல் 1977 வரை டில்லி தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக அவர் இருந்த பதினைந்து ஆண்டுகள் தனி நூலுக்குரியவை. தமிழ் வாசகர் ஒன்றை மட்டும் அறிந்து மேற்செல்லலாம். நாங்குநேரியிலிருந்து சென்ற செ. இராமானுஜம் 1960களில் அப்பள்ளியில் பயின்றவர். பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறையில் பணியாற்றி, தமிழ் மேடைக்குப் புது நடையைத் தந்தவர். அல்காசியின் பள்ளிக்கும் தமிழுக்கும் உள்ள நேரடித் தொடர்பு அது.

இக்கட்டுரையின் பொருளுக்கு நெருங்கிய செய்தி வேறொன்று. தரம்வீர் பாரதியின் ‘அந்தா யுக்’ நாடகத்தை 1963இல் அல்காசி அரங்கத்துக்குள் போடவில்லை. டில்லியின் பெரோஸ் ஷா கோட்லாக் கோட்டை இடிபாடுகளின் நடுவே நிகழ்த்தினார். 1970களில் கிரீஷ் கர்னாடின் ‘துக்ளக்’ நாடகத்துக்கும் புராணா கிலா என்னும் பழைய கோட்டையே மேடையாயிற்று. சிதைந்த மதிலை அவர் வெறும் பின்திரையாகக் கொள்ளவில்லை. மதில் பேச வேண்டும், பேசுமாறு அதன் முன் ஆளையும் ஒளியையும் நிறுத்த வேண்டும் என்று கருதினார். இடிபாட்டைப் படிக்கத் தெரிந்த அந்தக் கண்தான், பிற்காலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நிழற்படங்களிடம் சென்றது. ஒரு படத்தைக் கண்டதும் ‘இது எந்த இடம்?’ என்று வரலாற்றாசிரியர் கேட்பார். ‘இந்த ஆளை இந்த இடத்தில் நிறுத்தியவர் யார்?’ என்று நாடக இயக்குநர் கேட்பார். இரண்டாம் கேள்வியை நிழற்பட வரலாற்றுக்குள் கொண்டுவந்து நிறுத்தியதே அல்காசியின் பங்களிப்பு எனலாம்.

1977இல் நாடகப் பள்ளியை விட்டு விலகி, மனைவி ரோஷனுடன் ‘ஆர்ட் ஹெரிடேஜ்’ என்னும் கலைக்கூடத்தை டில்லியில் தொடங்கினார். பின்னர் நியூயார்க்கில் ‘செபியா’ என்னும் படக்கூடமும், 2006இல் அல்காசி கலை அறக்கட்டளையும் தோன்றின. ஏறத்தாழ முப்பதாண்டு முயற்சியில் திரண்ட படங்களின் எண்ணிக்கை 90,000க்கும் மேல். தெற்காசியாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கப் படங்கள் தனியார் ஒருவரிடம் இந்த அளவு சேர்ந்தது அரிய செய்தியே. எனினும், எண்ணிக்கை வியப்பைத் தருமே தவிர மதிப்பைத் தராது. அவை எங்கே கிடைத்தன என்பதே நோக்கத்தக்கது.

ஐயர் சுவடியைத் திருநெல்வேலி வீதிகளிலும் மடங்களிலும் தேடினார். அல்காசி தம் நாட்டுப் படங்களை இலண்டன், நியூயார்க் போன்ற அயல்நகரங்களில் தேட வேண்டியிருந்தது. இதன் காரணம் அறிய, நிழற்படக் கலை இந்தியாவில் வேரூன்றிய வரலாற்றைச் சிறிது நினைவுகூர வேண்டும். 1839இல் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்ட அக்கலை அடுத்த சில ஆண்டுகளிலேயே இந்தியத் துறைமுகங்களை எட்டியது. 1854இல் பம்பாயிலும், 1856இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் நிழற்படக் கழகங்கள் அமைந்தன. படைத்தலைவர், மருத்துவர், பொறியாளர் எனப் பணிக்கு வந்த ஆங்கிலேயர் பலர் படம் பிடித்தனர். பிடித்தவற்றை அட்டைகளில் ஒட்டிப் பெரிய தொகுப்பேடுகளாகக் கட்டினர். பணி முடிந்ததும் பெட்டிகளோடு அவையும் கப்பலேறின. மதுரையின் கோபுரமும் ஹம்பியின் தேரும் யாரோ ஓர் ஓய்வுபெற்ற படைவீரரின் வீட்டு அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தன. பேரப்பிள்ளைகள் காலத்தில் அவை ஏலத்துக்கு வந்தன. பழம்பொருள் வணிகர் பலர் ஏட்டைப் பிரித்துத் தாள் தாளாக விற்றனர். தனித்தாளுக்கு விலை அதிகம். புறநானூற்றுச் சுவடியைப் பிரித்து ஓலைக்கு ஒரு விலை சொல்வது போன்ற செயல் அது.

தமிழகத்தின் பெயர்பெற்ற சான்று லினேயஸ் டிரைப் என்பவர். சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்ட இப்படைத்தலைவர், 1857 இறுதியிலிருந்து 1858 வரை மதுரை, தஞ்சை, திருவரங்கம், புதுக்கோட்டை ஆகிய இடங்களில் பயணம் செய்தார். மெழுகேற்றிய தாளே அவருடைய எதிர்ப்படம். வெயிலில் தாள் கெடாமல் காத்து, பல மணித்துளிகள் அசையாமல் கருவியை நிறுத்திப் படம் பிடித்தார். நெடுநேரம் திறந்திருக்கும் கருவி நடமாடும் மனிதரைப் பற்றாது. ஆதலால் அவர் எடுத்த மீனாட்சியம்மன் கோயில் படங்களில் கூட்டம் இல்லை. தூண்கள் மட்டும் தனித்து நிற்கின்றன. திருவிழா ஓயாத மதுரையை ஆளற்ற நகராகக் காட்டியது அக்காலக் கருவியின் குறை. ஆளற்ற கீழைநாட்டு இடிபாடுகளைக் காண விரும்பிய அக்கால ஆங்கிலேயர் உள்ளத்துக்கு அக்குறை உவப்பாக இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

டிரைப்பின் படங்கள் 1858இல் நூல்களாகவே வெளிவந்தன. அச்சு இயந்திரத்தில் படத்தை நேரே அச்சிடும் முறை அப்போது கைவரவில்லை. ஒவ்வொரு படமும் தனியே வெளிச்சத்தில் வார்த்தெடுக்கப்பட்டு, அட்டையில் ஒட்டப்பட்டு, விளக்கக் குறிப்புடன் கட்டமைக்கப்பட்டது. தமிழ்நாட்டைப் பொருளாகக் கொண்ட நிழற்பட நூல்களின் தொடக்கம் என்று அவற்றைக் கொள்ளலாம். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்து ஒரே ஏடாக்கினார். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர், இராசராசன் காலத் தமிழ் எழுத்தை வரி பிறழாமல் படியெடுத்தார்! கல்வெட்டுத் துறையினர் அக்கோயில் கல்வெட்டுகளை ஆய்ந்து அச்சேற்றியது பல ஆண்டுகள் கழித்தே. ஆயினும் அதே டிரைப், வெறுமையாகவும் கறையாகவும் விழுந்த வானத்துக்குத் தம் எதிர்ப்படத்தின்மேல் தூரிகையால் மேகம் தீட்டியவர். தமிழாசிரியர் இதனை இடைச்செருகல் என்பர். கல்வெட்டில் எழுத்துப் பிசகாதவர் வானத்தில் இடைச்செருகல் செய்தார். நிழற்படம் பொய் சொல்லாது என்று நம்புவோர் இந்த ஒரு செய்தியை எண்ணிப் பார்ப்பது நன்று. 1860இல் சென்னை ஆளுநர் டிரெவெல்யன் நிழற்படப் பணியை ஆடம்பரச் செலவெனக் கருதி நிறுத்தினார். டிரைப்பின் தொழில் அத்துடன் முடிந்தது.

இத்தகைய ஏடுகளைத் திரட்டிய அல்காசி, அவற்றைக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைத்திருந்தால் அவரைப் பற்றி எழுத ஏதுமில்லை. அவர் பதிப்பித்தார். அதுவும் தம் பெயரை முன்னிறுத்தி அன்று. ஒவ்வொரு பொருளுக்கும் அதில் வல்ல அறிஞரைத் தேடிப் பிடித்து, அவரிடம் ஒப்படைத்தார். இயக்குநர் மேடையில் தோன்றுவதில்லை அல்லவா! ரோசி லூவெலின் ஜோன்ஸ் பதிப்பித்த லக்னோ நகர் பற்றிய நூல் 2006இலும், ஜார்ஜ் மிச்சலின் விசயநகர நூல் 2008இலும், ஜான் ஃபால்கனரின் வாட்டர்ஹவுஸ் ஏடுகள் 2009இலும், சுதேஷ்ணா குஹாவின் மார்ஷல் ஏடுகள் 2010இலும் வெளிவந்தன. பெரும்பாலானவை அகமதாபாத்து மேப்பின் பதிப்பகத்துடன் இணைந்து வந்தவை.

லக்னோ நூலின் தலைப்பு அந்நகரை மாயத்தோற்றத்தின் நகர் என்று குறிக்கிறது. அப்பெயர் வீணாக இடப்பட்டதன்று. 1857 கிளர்ச்சிக்குப் பின் அந்நகரைப் படம் பிடித்த பெலீசே பியாட்டோ, சிக்கந்தர் பாக் மாளிகை முற்றத்தில் மனித எலும்புகள் சிதறிக் கிடக்கும் காட்சி ஒன்றை 1858இல் எடுத்தார். போர் நடந்ததோ 1857 நவம்பரில். மாதங்கள் கழிந்தபின் எலும்புகள் முற்றத்தில் அவ்வாறு கிடந்தனவா, படத்துக்காகக் கொணர்ந்து பரப்பப்பட்டனவா? பரப்பப்பட்டவையே என்பது ஆய்வாளர் துணிபு. அழிவைக் காட்ட அழிவையே மேடையேற்றியிருக்கிறார் அவர். மேடையேற்றத்தை வாழ்நாளெல்லாம் கையாண்ட அல்காசியின் தொகுப்பில் அத்தகைய படங்கள் வந்து சேர்ந்ததும், அவற்றைப் பற்றி இவ்வகைக் கேள்விகள் எழுந்ததும் பொருத்தமே. அதே நகரில் தரோகா அப்பாஸ் அலி என்னும் இந்தியர், 1874இல் ஐம்பது படங்கள் கொண்ட லக்னோ ஏடொன்றைத் தாமே வெளியிட்டிருந்தார். வென்றவன் எடுத்த படத்தையும் ஊர்க்காரன் எடுத்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் நிழற்பட உலகின் பாடபேத ஆராய்ச்சி.

விசயநகர நூலில் வேறொரு வகை ஒப்புநோக்கு உண்டு. சென்னைப் படையைச் சேர்ந்த அலெக்சாந்தர் கிரீன்லா என்பவர் 1856இல் ஹம்பியைத் தாள் எதிர்ப்படங்களில் பதிவு செய்தார். அவ்வெதிர்ப்படங்கள் அல்காசியிடம் வந்து சேர்ந்தன. ஆஸ்திரேலிய நிழற்படக்காரர் ஜான் காலிங்ஸ் 1983இல் கிரீன்லா நின்ற இடங்களிலேயே நின்று மீண்டும் படம் பிடித்தார். எந்தத் தூண் சாய்ந்தது, எந்த விமானம் செங்கல்லை இழந்தது என்பதை இரு படங்களையும் சேர்த்துப் பார்ப்பவர் சொல்லிவிடலாம். மூலச்சுவடிக்கும் பிற்காலப் படிக்கும் இடையே உள்ள உறவு இது. இவ்வரிசையில் மிகுந்த மனநிறைவு தருவது இந்நூலே. ஏனெனில், படம் அலங்காரமாக அன்றிச் சான்றாக நிற்பது இதில்தான்.

வாட்டர்ஹவுஸ் ஏடுகளோ நாடகம்போல் சுவைப்பவை. இந்திய மக்களை இனம் இனமாகப் பிரித்துப் படம் பிடிக்க ஆங்கில அரசு விரும்பிய காலம் அது. அம்முயற்சி, 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் பெருநூலில் முடிந்தது. அதன்பொருட்டு 1862இல் மத்திய இந்தியாவுக்குச் சென்ற வாட்டர்ஹவுஸ், போபால் அரசி சிக்கந்தர் பேகத்தைப் படம் பிடித்தார். அரசியோ பட்டியலில் ஓர் இனத்தின் மாதிரியாக அடங்க உடன்படவில்லை போலும். விதவிதமான உடைகளில் தாமே தோன்றி, தம் உருவத்தைத் தாமே வகுத்துக்கொண்டார். அதிகாரம் உள்ளவரால் அது இயன்றது. கருவியின் முன் நிறுத்தப்பட்ட ஏனையோர்க்கு அது இயலவில்லை.

அல்காசியின் நூல்வரிசை மீது வைக்க வேண்டிய குறை இவ்விடத்திலேயே தொடங்குகிறது. தொல்லியல் படங்களைப் பார்த்தவர் ஒன்றைக் கண்டிருப்பர். கோபுரத்தின் உயரமோ தூணின் பருமனோ விளங்குவதற்காக அருகில் ஓர் ஆளை நிறுத்துவர். அவர் பெரும்பாலும் அகழ்வுக்கு வந்த கூலியாள். இடுப்பில் ஒரு துண்டு, தலையில் ஒரு முண்டாசு. படக்குறிப்பில் கோயிலின் பெயர் இருக்கும், நூற்றாண்டு இருக்கும், எடுத்தவர் பெயர் இருக்கும். அந்த ஆளின் பெயர் இராது. அவர் அங்கே மனிதராக நிற்கவில்லை, அளவுகோலாக நிற்கிறார். தொல்லியல் துறைத் தலைவராக 1902 முதல் 1928 வரை விளங்கிய மார்ஷலின் காலத்துப் படங்களைக் காண்போர்க்கு இது புதிதன்று. அல்காசியின் பதிப்புகள் எடுத்தவரைப் பற்றி நுணுகி ஆராய்கின்றன, எடுத்த கருவியை, தாளை, உப்புக் கரைசலை ஆராய்கின்றன, கட்டடத்தை ஆராய்கின்றன. நின்றவரைப் பற்றிய உரை மெலிந்தே காணப்படுகிறது.

பெயர் கிடைக்காதபோது பதிப்பாசிரியர் என் செய்வார் என்று கேட்கலாம். கேள்வி நேர்மையானதே. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு முண்டாசுக்காரரின் பெயரை எவரால் மீட்க இயலும்? ஆனால் சங்கப் பாடல்களைப் பதிப்பித்தோர்க்கும் இதே இடர் வந்தது. பெயர் தெரியாத புலவரைப் பாட்டில் வந்த அருந்தொடரால் செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கினர் நம் முன்னோர். பெயர் இல்லாதவரையும் அவர் விட்டுச்சென்ற ஒன்றைக் கொண்டு அழைக்கும் மரபு தமிழுக்கு உண்டு. படத்தில் நிற்பவரின் கையில் உள்ள கருவி, கட்டியிருக்கும் துணி, நிற்கும் விதம் ஆகியவற்றைப் படித்துச் சொல்ல ஒரு பதிப்பாசிரியர்க்கு இடம் உண்டு. ‘உள்ளூர் மனிதர்’ என்று எழுதிக் கடந்துவிடுதல் உரையாகாது.

மற்றொரு குறை நூல்களின் விலையும் மொழியும். உயர்ந்த தாளில், பேரளவில், ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட இந்நூல்கள் அயல்நாட்டு நூலகங்களுக்கும் கலைச்செல்வர் இல்லங்களுக்கும் எளிதாகச் சென்றன. ஹம்பியில் வாழும் கன்னடப் பள்ளி மாணவனுக்கு அவை எட்டும் வழி குறைவு. கப்பலேறிய படங்களை மீட்டுக் கொணர்ந்தது பெருஞ்செயல். மீண்டவை மீண்டும் எட்டாத உயரத்திலேயே வைக்கப்பட்டன என்பது வருந்தத்தக்கது. ஐயரின் பதிப்புகள் பாட்டு எழுந்த மொழியிலேயே, அப்பாட்டுக்கு உரியோர் கைகளுக்கே வந்தன. இந்த ஒப்பீடு அல்காசிக்கு முற்றும் நீதியானதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். படத்தைத் தெளிவாக அச்சிடுதல் செலவு மிக்க வேலை. மலிவுத் தாளில் அச்சிட்டால் நிழலும் ஒளியும் கலங்கிச் சேறாகிவிடும். தரத்தைத் தாழ்த்த அவர் மேடையிலும் இசைந்ததில்லை.

இவ்வரிசையின் பின்னைய நூல்கள் சில, கட்டடத்தை விட்டு முகத்தை நோக்கித் திரும்பின என்பது குறிப்பிடத்தக்கது. வண்ணம் தீட்டிய நிழற்படங்களைப் பற்றிய நூல் 2008இல் வந்தது. தெற்காசியாவின் தொடக்ககால உருவப்படங்களைப் பற்றிய நூல் 2013இல், நியூயார்க் கண்காட்சி ஒன்றையொட்டி வந்தது. இவற்றில் பெரும்பங்கு அல்காசியின் பேரர் ரஹாப் அல்லானாவுடையது. நிழற்படத்தின்மேல் தூரிகை கொண்டு நகையும் பட்டும் எழுதச் செய்தவர், தாம் எவ்வாறு காணப்பட வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தவர். டிரைப்பின் மேகம் இடைச்செருகல் என்றால், இந்தச் சரிகைக் கரையை என்னென்பது? படத்துக்கு உரியவரே எழுதச் சொன்ன பாயிரம் என்று கொள்ளலாம்.

மலேசியத் தமிழர்க்கு இவையெல்லாம் ஏன் வேண்டும் என்ற ஐயம் எழலாம். மலாயாவின் நிழற்பட வரலாறும் இதே போக்கினதே. சிங்கப்பூரில் நெடுங்காலம் நடந்த லாம்பர்ட் நிறுவனமும், மேடானில் நிழற்பட நிலையம் நடத்திய ஜெர்மானியர் கிளைன்குரோத்தேயும் தீபகற்பத்தைப் படமாக்கி விற்றனர். கிளைன்குரோத்தேயின் மலாயாத் தொகுப்பேடு 1907இல் வெளிவந்தது. அக்காலத் தொகுப்பேடுகளிலும் அஞ்சலட்டைகளிலும் தமிழர் உண்டு. தமிழர் பெயர்கள் இல்லை. இனப்பெயரும் தொழிற்பெயரும் மட்டுமே அச்சாயின. இரப்பர் மரத்தின் பருமனைக் காட்டப் பக்கத்தில் நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளி, ஹம்பித் தூணருகே நின்ற முண்டாசுக்காரரின் உடன்பிறப்பே. இருவரும் அளவுகோல்கள்.

1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் நடந்த தேசியப் பதிவில், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவர்க்கும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கப்பட்டது. தோட்டப்புறத் தமிழர் பலருக்கு வாழ்க்கையில் எடுக்கப்பட்ட முதற்படம் அதுவாகவே இருந்திருக்கக்கூடும். அப்படத்தில்தான் முகத்தோடு பெயரும் சேர்ந்தது. காவல்துறையின் தேவைக்காக எடுக்கப்பட்ட படம், வேறு படமில்லாத குடும்பத்தில் தாத்தாவின் ஒரே உருவமாகச் சட்டமிடப்பட்டுச் சுவரேறுவதும் உண்டு. அதிகாரம் எடுத்த படம் அன்பின் பொருளாகிவிடும் இவ்விந்தையை அல்காசியின் நூல்களைப் படித்தவர் எளிதில் உணர்வர். அரசி சிக்கந்தர் உடை மாற்றிச் செய்ததை, இங்கே ஒரு குடும்பம் சட்டமும் மாலையும் கொண்டு செய்கிறது.

ஜொகூரின் தெப்ராவ் வட்டாரம் இதற்குக் கண்முன் நிற்கும் சான்று. இரப்பர்த் தோட்டங்களாக இருந்த நிலம் வீடமைப்புப் பகுதிகளாகவும் பேரங்காடிகளாகவும் மாறிவிட்டது. தோட்டம் துண்டாடப்பட்டோ விற்கப்பட்டோ மக்கள் லயத்து வீடுகளைக் காலிசெய்யும்போது, அம்மியும் ஆட்டுக்கல்லும் வண்டியேறும். கறையான் அரித்த படச்சட்டம் ஏறாது. இங்கே படங்கள் இலண்டனுக்குக் கப்பலேறவில்லை. குப்பைக்குழிக்குச் சென்றன. ஏலக்கடையில் கிடப்பதை ஓர் அல்காசி வந்து மீட்கலாம். எரிந்ததை மீட்க எவருமிலர்.

தமிழகத்தில் இத்திசையில் ஒரு நல்ல தொடக்கம் நிகழ்ந்துள்ளது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்துச் சேர்த்த பெருந்தொகுப்புக்காக முன்னரே அறியப்பட்டது. 2010களில் அது தமிழகத்துச் சிற்றூர், நகர்ப்புற நிழற்பட நிலையங்களில் எஞ்சிய குடும்பப் படங்களையும் எதிர்ப்படங்களையும் தேடிப் பதிவு செய்யும் பணியை மேற்கொண்டது. அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கும் பிரிட்டிஷ் நூலகத் திட்டம் அதற்குத் துணைநின்றது. கோபுரத்தை எடுத்தவர்கள் அதே ஊர்க் கடைவீதியில் நாற்காலியில் அமர்ந்து படமெடுத்துக்கொண்ட குடும்பத்தையும் தேடிச் சென்றனர். அல்காசியின் பிற்கால நூல்கள் திரும்பிய அதே திசை இது. ஆனால் இங்கே படத்துக்கு உரியோரின் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டால் பெயர் சொல்வார்கள்.

கேட்பதற்குரிய காலம் நீளமானதன்று. தோட்டத்துத் திருமணப் படம் ஒன்றில் மணமக்களுக்குப் பின்னால் நிற்கும் இருபது பேரின் பெயரையும் உறவையும் சொல்லக்கூடிய பாட்டி, பெரும்பாலும் எண்பதைக் கடந்தவராக இருப்பார். உயர்வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு பிற்பகல் அவர் பக்கத்தில் அமர்ந்து, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அப்பெயர்களை வலமிருந்து இடமாகவோ இடமிருந்து வலமாகவோ, எதுவென்று குறித்து, எழுதி வைக்கலாம். மையால் எழுதினால் முன்பக்கம் ஊறும். சொன்னவர் பெயரும் சொன்ன நாளும் உடன் எழுதப்பட வேண்டும். இரண்டு பாட்டிமார் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும், அது பாடபேதம்.